125 சிசி எல்லைக்குள் அடுத்த வண்டி

நாள்தோறும் வேலைக்கும் கல்லூரிக்கும் ஓட்டிச் செல்லும் சிக்கன வண்டியின் எஞ்சினையும், பந்தய வண்டியை நினைவூட்டும் கூரிய தோற்றத்தையும் ஒன்றாகச் சேர்த்து, ஏறத்தாழ 1 லட்ச ரூபாய் விலையில் தரும் மோட்டார் சைக்கிளை இந்திய விற்பனையாளர்கள் 'கம்யூட்டர் ஸ்போர்ட்' வகை என்கிறார்கள். 2019 ஆகஸ்டில் பஜாஜ் நிறுவனத்தின் பல்சர் 125, 2021 ஏப்ரலில் அதன் உடன்பிறப்பான பல்சர் என்எஸ்125, அதே ஆண்டு செப்டம்பரில் ஓசூரில் தயாராகும் டிவிஎஸ் ரெய்டர், 2024 ஜனவரியில் ஹீரோ எக்ஸ்ட்ரீம் 125ஆர், அக்டோபரில் பல்சர் என்125, 2025 ஆகஸ்டில் ஹோண்டா சிபி125 ஹார்னெட் என்று ஆறே ஆண்டுகளில் இந்த வகை நெரிசல் மிகுந்ததாகிவிட்டது. இந்த நெரிசலுக்குள் இனி நுழையவிருக்கும் புதிய வண்டிக்கு எவ்வளவு இடம் மிச்சமிருக்கிறது என்ற கேள்விக்கு, எஞ்சினின் திறனைக் காட்டிலும், சட்டமும் வரியும் குடும்பத்தின் மாதக் கணக்கும் சேர்ந்து இழுத்து வைத்திருக்கும் கோடுகளே தெளிவான விடை தருகின்றன.

எஞ்சின் திறன் போட்டியைத் தீர்மானிக்கவில்லை என்பதை விவரக்குறிப்புகளை அருகருகே வைத்தாலே உணரலாம். ரெய்டர் 11.38 குதிரைத்திறனும், எக்ஸ்ட்ரீம் 11.55 குதிரைத்திறனும், பல்சர் என்எஸ்125உம் என்125உம் தலா 12 குதிரைத்திறனும், ஹார்னெட் 11.14 குதிரைத்திறனும் தருகின்றன; ஓட்டுபவரின் கைக்கும் காலுக்கும் இந்த வேறுபாடு தெரிய வாய்ப்பில்லை. ஆனால் நின்ற நிலையிலிருந்து 60 கி.மீ. வேகத்தை எட்ட எடுக்கும் நேரமாக, ரெய்டருக்கும் எக்ஸ்ட்ரீமுக்கும் அவை அறிமுகமானபோது 5.9 விநாடி என்று அறிவிக்கப்பட்டிருக்க, இவற்றுள் திறன் மிகக் குறைந்த ஹார்னெட்டுக்கு ஹோண்டா அறிவித்ததோ 5.4 விநாடி. குதிரைத்திறனைத் தவிர வேகத்தைத் தீர்மானிப்பவற்றுள் முக்கியமானவை இரண்டு. பெட்ரோல், எண்ணெய் உட்பட ஓட்டத் தயாரான நிலையில் வண்டியின் எடை ஹார்னெட்டில் 124 கிலோ, எக்ஸ்ட்ரீமில் 136 கிலோ, என்எஸ்125இல் 144 கிலோ. அதாவது ஏறத்தாழ ஒரே திறனுள்ள எஞ்சின் ஒரு வண்டியில் 20 கிலோ கூடுதலாக இழுக்கவேண்டியிருக்கிறது. மற்றது முறுக்குவிசை, அதாவது சக்கரத்தைத் திருப்பும் விசை, எந்தச் சுழற்சி வேகத்தில் உச்சத்தை எட்டுகிறது என்பது. நிமிடத்துக்கு 6,000 சுழற்சியிலேயே உச்சம் தரும் எஞ்சின், சிக்னலில் பச்சை விழுந்ததும் முன்னே பாய்கிறது; 7,000 சுழற்சிக்குப் பின் உச்சம் தரும் எஞ்சின் நெடுஞ்சாலையில் மகிழ்விக்குமே தவிர, அண்ணா சாலையில் அதைப் பயன்படுத்த இடம் கிடைக்காது. வாங்குபவர்கள் 'பிக்அப்' என்று சொல்வது பெரும்பாலும் இந்த எடையையும் இந்த முறுக்குவிசையையுமே என்பதால், புதிதாக வரும் நிறுவனம் 12 குதிரைத்திறனை 12.5 ஆக்கச் செலவழிக்கும் பணத்தை, 130 கிலோவை 120 கிலோவாக்கச் செலவழிப்பதே பயன் தரும்.

எல்லா நிறுவனங்களும் 125 கன சென்டிமீட்டருக்குச் சற்றுக் கீழே வந்து நிற்பது தற்செயலன்று. 2018 ஏப்ரல் முதல் புதிய மாடல்களுக்கும், 2019 ஏப்ரல் முதல் விற்பனையாகும் எல்லா வண்டிகளுக்கும், 125 சிசிக்கு மேற்பட்டால் ஏபிஎஸ் கட்டாயம் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. திடீரென்று பிரேக் பிடிக்கும்போது சக்கரம் இறுகிப்போய் வழுக்காமல், நொடிக்குப் பலமுறை பிடித்தும் விட்டும் கட்டுப்படுத்தும் மின்னணு அமைப்பே ஏபிஎஸ். 125 சிசியும் அதற்குக் கீழும் உள்ள வண்டிகளுக்கு, ஒரு பிரேக்கை அழுத்தினால் மற்றொன்றும் ஓரளவு சேர்ந்து இயங்கும் சிபிஎஸ் என்ற எளிய இணைப்பே போதும் என விதி விலக்களித்தது. அதையடுத்து 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 மாசு விதிகள் வந்து, கார்புரேட்டரை நீக்கிவிட்டு மின்னணு எரிபொருள் செலுத்தலைப் புகுத்தியதால் எல்லா வண்டிகளின் விலையும் ஏறியது. 150 சிசி வண்டிகள் சாமானியக் குடும்பத்தின் கைக்கு எட்டாமல் மேலே நகர்ந்தன. அவை இப்படி விட்டுச் செல்லவிருந்த இடத்தில், 150 சிசியின் தோற்றத்தோடும் ஏபிஎஸ் செலவு இல்லாமலும் ஒரு வண்டியை நிறுத்த முடியும் என்பதை, பிஎஸ்-6 வருவதற்கு முன்பே, 2019இலேயே முதலில் கண்டுகொண்டது பஜாஜ். பல்சர் 150இன் உடலிலேயே சிறிய எஞ்சினை வைத்து, 64,000 ரூபாயிலிருந்து அது விற்கத் தொடங்கிய பல்சர் 125தான் இன்றைய வகையின் தொடக்கம். இந்த வகையைப் பெற்றெடுத்ததில் பொறியாளருக்கு உள்ள பங்கைவிட அரசிதழுக்கு உள்ள பங்கு குறைந்ததன்று.

இந்த இடத்தைப் பிடிக்க இதற்கு முன்பு நடந்த முயற்சிகள் பெரும்பாலும் தோற்றன என்பதை, இன்றைய விற்பனையைப் பார்த்து உற்சாகப்படும் நிறுவனங்கள் நினைவில் வைக்கவேண்டும். 2006இல் யமஹா கிளாடியேட்டர் 125 வந்தது; ஐந்து கியரும் நல்ல கையாளுமையும் இருந்தும், மைலேஜையே முதலில் கேட்ட அன்றைய சந்தை அதை நீண்டநாள் வைத்துக்கொள்ளவில்லை. 2008இல் ஹோண்டா, ஷைன் வண்டியின் எஞ்சினையே எடுத்து, முன்புறம் கவசம் வைத்த பந்தயத் தோற்றத்தைப் போர்த்தி, சிபிஎஃப் ஸ்டன்னர் என்ற பெயரில் விற்றது. அடுத்த ஆண்டு அதற்கு எரிபொருள் செலுத்தலும் தந்தது. அது காலத்துக்கு முந்திய வண்டி. அன்று 125 சிசி வாங்கியவர் குடும்பத் தலைவர், பந்தயத் தோற்றம் கேட்டவரோ சற்றுக் கூடுதல் பணம் போட்டு பல்சர் 150 வாங்க முடிந்த இளைஞர். இருவருக்கும் நடுவே நின்ற ஸ்டன்னர் இருவருக்கும் முழுமையாகப் பிடிக்காமல் போயிற்று. 17 ஆண்டுகளுக்குப் பிறகு அதே ஹோண்டா அதே முறையை ஹார்னெட்டில் மீண்டும் கையாள்வதற்குக் காரணம், அந்த இளைஞருக்கும் 150 சிசிக்கும் இடையிலிருந்த விலை தூரம் இப்போது மிகவும் விரிந்துவிட்டது என்பதே.

இந்தத் தோல்விகளில் தமிழ்நாட்டுக்கு மிக நெருக்கமானது டிவிஎஸ் ஃபிளேம். 2007 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட அந்த 125 சிசி வண்டியில், ஆஸ்திரியாவின் ஏவிஎல் நிறுவனத்தின் துணையோடு உருவான மூன்று வால்வு எஞ்சின் இருந்தது. காற்றும் பெட்ரோலும் கலந்த கலவையை உள்ளிழுக்க இரண்டு வால்வும், புகையை வெளியேற்ற ஒன்றும் என அமைத்து, குறைந்த வேகத்தில் சிக்கனத்தையும் கூடிய வேகத்தில் திறனையும் ஒருங்கே பெறுவது அதன் நோக்கம். அதோடு எரியூட்ட இரண்டு ஸ்பார்க் பிளக்குகளும் அதில் இருந்தன. சிறிய எஞ்சினில் இரட்டை பிளக் என்பது தன் காப்புரிமைக்கு உட்பட்டது என்று பஜாஜ் எதிர்க்க, வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. 2008 பிப்ரவரியில் இடைக்காலத் தடை விதிக்கப்பட்டதால், இரண்டாவது பிளக்கைக் கைவிட்டு ஒற்றைப் பிளக்கோடு வண்டி விற்பனைக்கு வந்தது. 2009 மே மாதத்தில் அதே நீதிமன்றத்தின் அமர்வு தடையை நீக்கியது. செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், இத்தகைய அறிவுசார் சொத்து வழக்குகளை இழுத்தடிக்காமல் விரைந்து விசாரிக்கவேண்டும் என்று உத்தரவிட்டது. இரு நிறுவனங்களும் சமரசமாகி வழக்கை முடித்துக்கொண்டது 2019இல்தான். அதற்குள் ஃபிளேம் சந்தையிலிருந்து மறைந்து வெகுகாலம் ஆகியிருந்தது. அறிமுகத்தின்போது ஒரு வண்டிக்குக் கிடைக்கும் கவனம் ஒருமுறை சிதறினால், நீதிமன்றம் சாதகமாகத் தீர்ப்பளித்தாலும் அது திரும்பி வருவதில்லை. ஆயினும் மூன்று வால்வு என்ற எண்ணம் சாகவில்லை. 2021இல் ரெய்டரின் 124.8 சிசி எஞ்சினில் அது மீண்டும் வந்து, இம்முறை வென்றது.

ரெய்டரின் வெற்றியைச் சற்று நின்று பார்ப்பது தகும். 77,500 ரூபாயில் தொடங்கிய அந்த வண்டி, மூன்றே ஆண்டுகளில், 2024 அக்டோபருக்குள், 10 லட்சம் விற்பனையைக் கடந்தது. டிஜிட்டல் மீட்டர், இருக்கைக்கு அடியில் பொருள் வைக்கும் சிறு இடம், சத்தமில்லாமல் எஞ்சினை எழுப்பும் ஸ்டார்ட்டர், சிக்கனத்துக்கும் வேகத்துக்கும் தனித்தனி ஓட்டு முறைகள் என்று விளம்பரம் முன்னிறுத்தியவை இளைஞருக்கானவை. வண்டியின் எலும்புக்கூடோ குடும்பத்துக்கானது: 123 கிலோ எடை, நேராக நிமிர்ந்து உட்காரும் கைப்பிடி, பின்னால் அமர்பவருக்கு அகலமான இருக்கை. மகன் தோற்றத்தைப் பார்த்துக் கேட்கிறான், தந்தை மைலேஜையும் இருக்கையையும் பார்த்துச் சம்மதிக்கிறார் என்ற இரட்டை அனுமதியே இந்த வகையின் உயிர்நாடி. தோற்றத்துக்காகக் கைப்பிடியைத் தாழ்த்தி, பின்னிருக்கையைக் குறுக்கி உயர்த்தும் எந்த வண்டியும் இரண்டாவது அனுமதியை இழந்துவிடுகிறது.

பின்னிருக்கைப் பிரச்சினையை இன்னும் கிட்டப் பார்க்கலாம். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆம் விதி, பின்னால் அமர்பவர் பிடித்துக்கொள்ளக் கைப்பிடியும், கால் வைக்கப் படியும், அவருடைய ஆடை சக்கரத்தில் சிக்காதபடி பின்சக்கரத்தின் பாதியளவையாவது மறைக்கும் தடுப்பும் இருக்கவேண்டும் என்கிறது. மக்கள் வழக்கில் 'சாரி கார்டு' எனப்படும் அந்தத் தடுப்பு, வால் உயர்ந்த பந்தயத் தோற்றத்தின் பரம எதிரி. ஆகவே வடிவமைப்பாளர்கள் அதை மெலிந்த கம்பியாகச் சுருக்குகிறார்கள், வாங்கிய இளைஞர் அதையும் முதல் மாதத்திலேயே கழற்றிவிடுகிறார். சேலையோ துப்பட்டாவோ சக்கரத்தில் சுற்றி நேரும் விபத்து எவ்வளவு கொடியது என்பதை அறிந்த நாட்டில், இந்தத் தடுப்பைத் தோற்றத்தோடு இசையும்படி வண்டியின் உடலிலேயே அமைத்துத் தரும் நிறுவனம் ஒன்று இதுவரை முனைப்போடு முன்வராதது வருந்தத்தக்கது. தாயையோ மனைவியையோ அக்காவையோ ஏற்றிச் செல்லாத 125 சிசி வண்டி நம் ஊர்களில் அரிது.

இனிச் செலவுக் கணக்கு. ஷோரூமில் தரப்படும் விலைச்சீட்டில் முதல் வரியில் இருப்பது எக்ஸ்-ஷோரூம் விலை, அதாவது ஜிஎஸ்டி சேர்ந்த, ஆனால் சாலை வரியும் காப்பீடும் சேராத விலை. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான இருசக்கர வாகனங்களுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்ததால், வரிக் குறைப்பு முழுவதும் வாங்குபவருக்குச் சேருமானால், முன்பு 1,00,000 ரூபாயாக இருந்த வண்டி ஏறத்தாழ 92,200 ரூபாய்க்கு வருகிறது. அடுத்த வரி காப்பீடு. புதிய இருசக்கர வாகனத்துக்கு ஐந்தாண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். 2022இல் நிர்ணயிக்கப்பட்ட கட்டணப்படி 75 முதல் 150 சிசி வரை அது 3,851 ரூபாய், 150 சிசியைத் தாண்டி 350 சிசி வரை 7,365 ரூபாய். ஒரு 160 சிசி வண்டியை நோக்கிக் கைநீட்டும் இளைஞருக்கு, விலை வேறுபாட்டோடு இந்த 3,500 ரூபாயும் சேர்ந்துகொள்கிறது.

தமிழ்நாட்டில் மூன்றாவது வரிதான் கூர்மையானது. 2023 நவம்பரில் மாநில அரசு திருத்தியபடி, 1 லட்ச ரூபாய் வரை விலையுள்ள புதிய இருசக்கர வாகனத்துக்கு வாழ்நாள் வரி 10 சதவீதம், அதற்கு மேற்பட்டால் 12 சதவீதம். வரிக்குரிய விலை 99,500 ரூபாய் என்றால் வரி 9,950. அது 1,00,500 ஆனால் வரி 12,060. ஆயிரம் ரூபாய் விலை ஏற்றம் வாங்குபவரிடமிருந்து 3,110 ரூபாயைப் பிடுங்குகிறது. இந்தப் படிக்கட்டு இருப்பதை அறிந்த நிறுவனம் தன் வண்டியின் முதன்மை மாடலைக் கோட்டுக்குக் கீழேதான் நிறுத்தும். 1,12,000 ரூபாயில் அறிமுகமான ஹார்னெட், ஜிஎஸ்டி குறைப்பு முழுவதும் கழிந்தாலும் ஏறத்தாழ 1,03,250இல் நின்று, தமிழ்நாட்டில் மேல்படிக்குள்ளேயே இருக்கிறது. தலைகீழாகப் பொருத்திய தங்க நிற முன்ஃபோர்க்கும் வண்ணத் திரையும் அதற்குக் கொடுத்த விலை அது.

பெரும்பாலோர் தவணையில் வாங்குவதால், இந்தத் தொகைகளை மாதக் கணக்காக மாற்றிப் பார்ப்பதே முறை. 12 சதவீத வட்டியில், குறையும் அசல் மீது கணக்கிட்டு, 36 மாதத்தில் அடைப்பதென்றால் ஒவ்வொரு 10,000 ரூபாய்க் கடனுக்கும் மாதம் 332 ரூபாய் தவணை. 80,000 ரூபாய்க் கடனுக்கு ஏறத்தாழ 2,657. மறுபக்கம், நாளுக்கு 40 கி.மீ. வீதம் ஆண்டில் 300 நாள் ஓட்டுபவர் 12,000 கி.மீ. கடக்கிறார், லிட்டருக்கு 60 கி.மீ. தரும் வண்டியில் அவருக்கு 200 லிட்டரும், 45 கி.மீ. தரும் வண்டியில் 267 லிட்டரும் தேவை. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்றாலும் இந்த வேறுபாடு மாதம் 550 ரூபாயைத் தாண்டுகிறது. ஆகவே மைலேஜில் 15 கி.மீ. இழப்பது, விலையில் 16,000 ரூபாய்க்கு மேல் ஏற்றுவதற்குச் சமம். எக்ஸ்ட்ரீமை வெளியிட்டபோது ஹீரோ, திறனைச் சொன்ன அதே மூச்சில் லிட்டருக்கு 66 கி.மீ. என்பதையும் சொன்னதன் பொருள் இதுவே.

இன்னொரு போட்டியாளர் மோட்டார் சைக்கிளே அன்று. 2024-25 நிதியாண்டில் இந்தியாவில் விற்ற 1.96 கோடி இருசக்கர வாகனங்களில் ஏறத்தாழ 68.5 லட்சம், அதாவது மூன்றில் ஒன்றுக்கு மேல், ஸ்கூட்டர்கள். வீட்டில் எல்லோரும் ஓட்டலாம் என்பதே அவற்றின் பலம். இளைஞரைக் கவர்வதற்கென்றே 2018இல் டிவிஎஸ் என்டார்க் 125 வந்த பிறகு, தோற்றமும் ஸ்கூட்டருக்குப் புறம்பானதாக இல்லாமல் போயிற்று. குண்டும் குழியுமான சாலையில் பெரிய சக்கரம் தரும் நம்பிக்கையும் மைலேஜும் உள்ளவரை, சிறு நகரங்களிலும் கிராமங்களிலும் மோட்டார் சைக்கிளின் இடம் அசையாது. பெருநகரங்களில் அந்த உறுதியைத் தர முடியாது.

எல்லாக் கணக்கையும் விட முக்கியமானது பிரேக். 2022இல் இந்தியச் சாலைகளில் உயிரிழந்த 1,68,491 பேரில் 44.5 சதவீதத்தினர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள் என்பது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கு. ஆறு விநாடிக்குள் 60 கி.மீ. வேகத்தை எட்டுவதையே விற்பனைப் பெருமையாகச் சொல்லி, முதல் வண்டி வாங்கும் 20 வயது இளைஞரிடம் கொடுக்கப்படும் ஒன்றில், அந்த வேகத்திலிருந்து வழுக்காமல் நிற்க உதவும் கருவி விருப்பத் தேர்வாக இருப்பது நியாயமன்று. எக்ஸ்ட்ரீம் அறிமுகமானபோது ஏபிஎஸ் இல்லாத மாடல் 95,000 ரூபாய், முன்சக்கரத்துக்கு ஏபிஎஸ் உள்ளது 99,500 ரூபாய். இடைவெளி 4,500 ரூபாய், மேலே சொன்ன தவணைக் கணக்கில் மாதம் 150 ரூபாய். மழை நாளில் மணல் படிந்த வளைவில் முன்சக்கரம் இறுகிப்போனால் விழாமல் தப்பும் ஓட்டுநர் அரிதினும் அரிது என்பதால், ஒற்றைச் சக்கர ஏபிஎஸ்ஸே பெரும் பயன் தரும். ஆனால் இந்த வகையில் நிறுவனங்கள் அண்மையில் வேகமாகச் சேர்த்துவருபவை, செல்பேசியோடு இணையும் திரையும், 2025 ஆகஸ்டில் வந்த ஹீரோ கிளாமர் எக்ஸ் போல வேகத்தை நிலையாக வைத்திருக்கும் குரூஸ் கன்ட்ரோலும். திருப்பத்துக்குத் திருப்பம் மாடும் ஆட்டோவும் குறுக்கிடும் சாலையில் குரூஸ் கன்ட்ரோலுக்கு வேலை மிகக் குறைவு.

சிசி எதுவானாலும் ஏபிஎஸ் கட்டாயம் என்னும் வரைவு அறிவிப்பை மத்திய அரசு 2025 ஜூனில் வெளியிட்டது. 125 சிசி என்ற கோட்டின் பாதுகாப்புச் சலுகை இனி நிலைக்காது என்ற செய்தி நிறுவனங்களுக்கு அதில் கிடைத்துவிட்டது. அந்த விதி எப்போது நடைமுறைக்கு வந்தாலும், அடுத்து வரும் வண்டியை அதை எதிர்பார்த்தே வடிவமைப்பது வணிகத்துக்கும் நல்லது. பின்னால் ஒட்டுப்போடும் செலவு மிச்சம். அப்படி வடிவமைத்து, 120 கிலோவுக்கு அருகில் எடையும், 60 கி.மீ.க்குக் குறையாத மைலேஜும், நிமிர்ந்த இருக்கையும் தந்து, 92,000க்கும் 99,000க்கும் இடையே எக்ஸ்-ஷோரூம் விலை வைத்தால், இந்த நெரிசலிலும் புதிய வண்டி ஒன்று காலூன்ற முடியும். 1,05,000ஐத் தாண்டி வந்தால் அதன் எதிரி ரெய்டராக இராது. வரிக் குறைப்பால் கீழே இறங்கிவந்துள்ள 160 சிசி வண்டிகளாக இருக்கும், அந்தப் போரில் 125 சிசிக்கு வெற்றி வாய்ப்பு சொற்பம்.

இதில் தமிழ்நாட்டு அரசு செய்யக்கூடியதும் உண்டு. 95,000 முதல் 1 லட்சம் வரை விலையுள்ள வண்டிகளில் ஏபிஎஸ்ஸுக்கான சில ஆயிரம் ரூபாயே விலையை 1 லட்சக் கோட்டுக்கு மேலே தள்ளி, உயிர்காக்கும் கருவியைச் சேர்த்ததற்காகவே வாங்குபவரிடம் 2 சதவீதம் கூடுதல் வரி வாங்கும் நிலையை உண்டாக்குகிறது. ஏபிஎஸ் பொருத்திய 125 சிசி வண்டிகளுக்கு மட்டும் 10 சதவீத வரம்பை 1,10,000 ரூபாய் வரை உயர்த்தினால், வண்டி ஒன்றுக்குச் சராசரியாக 2,000 ரூபாய் அளவில்தான் வருவாய் குறையும். ஏபிஎஸ் இல்லாத மாடலைக் கோட்டுக்குக் கீழே நிறுத்தி விற்கும் கட்டாயம் ஓசூர்த் தொழிற்சாலைக்கும் அதன் போட்டியாளர்களுக்கும் அந்த நாளோடு நீங்கிவிடும்.